அடுப்பும் அட்டையும்: யாழ்ப்பாணத்து எரிபொருள் வரலாறு குறித்த ஒரு நோக்கு

இங்கிலாந்திலே 1662ஆம் ஆண்டில் அடுப்பு வரி என்றொரு வரி விதிக்கப்பட்டது. அடுப்பொன்றிற்கு ஆண்டுக்கு இரண்டு சிலிங். தொகையினும் பார்க்க, அதிகாரிகள் வீட்டினுள் நுழைந்து அடுப்புகளை எண்ணியமையே மக்களைப் பெரிதும் சினங்கொள்ளச் செய்தது. 1689இல் அவ்வரி நீக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து அடுப்படிக்கு அதிகாரம் வந்த வழி வேறு. அது எரிபொருளின் வழியே வந்தது.

நமது பழைய வீடுகளில் அடுக்களை பெருவீட்டிலிருந்து விலகித் தனியே நின்றது. ஓலைக்கூரை தீப்பற்றும் என்னும் அச்சமே இதற்குரிய காரணம் எனலாம். (1619 முதல் 1658 வரை இங்கு ஆண்ட போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றவற்றுள் ‘குசினி’ என்னும் சொல்லும் ஒன்று. கோட்டையினும் பார்க்க அச்சொல் உறுதியாக நிலைத்துவிட்டது.) அடுப்பிற்கு வேண்டியவை பெரும்பாலும் வளவினுள்ளேயே கிடைத்தன. காவோலை, பன்னாடை, கங்குமட்டை, கொக்காரை, ஊமல், தென்னம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை என அவை பலவாகும். வேலி பிரித்து அடைக்கும்போது கழியும் பழைய ஓலையில் ஒரு பங்கு தோட்டத்திற்குப் பசளையாக, மறுபங்கு அடுப்பிற்குச் சென்றது. பெருங்காடுகளற்ற குடாநாட்டிற்கு விறகு வன்னியிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஆதலின் விலைகொடுத்து வாங்கவியலாதவருக்கு வளவிலே நின்ற பனையே விறகுகாலையாயிற்று.

மரந்தறித்தலைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பெண்பனையைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும். இதனை வீட்டார்மீது சுமத்தப்பட்ட பாரம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பனை காய்ப்பதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாகும். காவோலை பொறுக்குவதற்கோ எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மின்சாரத்தின் கதை இதனின்றும் வேறானது. சுன்னாகத்து மின்நிலையமும், 1969இல் அமைந்த இலங்கை மின்சார சபையும் வீடுகளுக்கு விளக்கினைக் கொடுத்தன. தோட்டங்களுக்கு நீரிறைக்கும் பொறியினையும் இயக்கின. ஆயின் மின்னடுப்பு வசதிபடைத்த சில இல்லங்களுக்கு அப்பாற் செல்லவில்லை. விளக்கு மாறியது, அடுப்பு மாறவில்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது விளக்கும் அணைந்தது. மின்சாரம் அற்றுப்போக, எரிபொருள், மின்கலம் முதலியன குடாநாட்டிற்குள் வருவது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் அரிய பொருளாகி, குடும்ப அட்டையின்படி அளந்து கொடுக்கப்படலாயிற்று. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சினை இட்டு, அது நனையுமளவிற்கு எண்ணெய் வார்த்து, சிறு திரியில் எரித்த விளக்கின் ஒளியிலே ஒரு தலைமுறை படித்தது. அவ்விளக்கினைப் பலரும் பெருமையுடன் நினைவுகூர்வர். அதற்கு எண்ணெய் மிச்சம் பிடித்தவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு.

என் அம்மம்மா கூறியதொன்றினை ஈண்டுக் குறித்தல் தகும். அக்காலத்திற் பிறந்த என் மாமாவின் பெயர் அட்டையிற் பதியப்படாமையால், அவருக்குரிய பங்கு மறுக்கப்பட்டதாம். விதானையாரின் கடிதம் வேண்டும் என்றனர். கடிதம் கொண்டுசென்ற நாளில் எண்ணெய் முடிந்துவிட்டது என்றனர். “பிள்ளைக்குச் சுடுதண்ணி வைக்க ஊமல் இருந்தது, அட்டை தேவைப்படேல்லை” என்பார் அவர். ஆனால் அந்த ஊமற்புகையினை மூன்று வேளையும் சுவாசித்தவரும் அவரே. இன்றும் அவருக்கு இருமல் உண்டு. பதுங்குகுழிகளுக்கெனப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டதும் அக்காலத்திலேயாம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே எவருக்கும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது இத்தட்டுப்பாடு மீண்டும் வந்தது. போர் 2009இல் முடிந்தபின், தேசிய மின்வலையமைப்புடன் குடாநாடு மீள இணைக்கப்பட்டது. றைஸ் குக்கரும் எரிவாயு அடுப்பும் கிராமங்கள்வரை சென்றன. புதிய கல்வீடுகளிற் சிலவற்றை அமைத்தோர், இனித் தேவையில்லை எனக் கருதிப் புகைபோக்கியை விட்டுவிட்டனர்.

அவர்களது கணிப்பு 2022இற் பொய்த்தது. எரிவாயுவிற்கு மக்கள் வரிசையில் நின்றனர்; மார்ச் இறுதியில் ஒருநாள் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலமாயிற்று; ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதே மாதத்தில் மின்கட்டணமும் ஏற்றப்பட்டது. எமது அயலிலே, புகைபோக்கியற்ற வீட்டார் கிணற்றடியில் மூன்று கற்களை வைத்துச் சமைத்தனர். வளவிற் பனையில்லாதோர் அம்மம்மாவிடம் வந்து பன்னாடை கேட்டனர். அவர் எவரிடமும் அட்டை கேட்கவில்லை.