கருப்பை அகற்றமும் காப்பீட்டு அட்டையும்

கருப்பைத் தசையில் வளரும் நார்த்திசுக்கட்டி, உட்சவ்வில் தோன்றும் சதைமுளை, உட்சவ்வுத் திசு தசைச்சுவருக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸ் ஆகியவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மாதவிடாய் நின்றபின் நார்த்திசுக்கட்டிகள் பொதுவாகத் தாமே சுருங்கும். ஆயினும் இந்தியாவில் இத்தகைய நோய்களின் அண்மைக்கால வரலாற்றை மருத்துவ நூல்களில் மட்டும் தேடினால் போதாது. காப்பீட்டு ஆவணங்களையும் புரட்டவேண்டியுள்ளது.

கருப்பை அகற்றப்பட்டதா என்று தேசியக் குடும்பநல ஆய்வு விரிவாகக் கேட்டது 2015-16ஆம் ஆண்டின் நான்காம் சுற்றில்தான். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் ஆம் என்றனர். ஆந்திரத்தில் அது ஏறத்தாழ 9 விழுக்காடு. மிகுந்த உதிரப்போக்கே பெரும்பாலோர் கூறிய காரணம். அறுவை மூன்றில் இரு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்திருந்தது.

உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962இலேயே கண்டறிந்துவிட்டனர். விலை குறைந்த மாத்திரை அது. ஆனால் 2008இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கே பணம் தந்தது. மாத்திரைக்குப் பெண் தன் கைக்காசைச் செலவிடவேண்டும். கத்திக்கு அரசு செலுத்தும். நோயைக் காட்டிலும் இந்த ஏற்பாடே பல கருப்பைகளின் கதியைத் தீர்மானித்தது எனக் கருத இடமுண்டு. பீகாரின் சமஸ்திப்பூரில் 2012இல் எழுந்த முறைகேட்டுப் புகார்கள் இதே திட்டத்தைச் சுற்றியவைதாம்.

காப்பீட்டை மட்டும் குறைகூறுவதும் முழுமையாகாது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்வோரைக் கணவன் மனைவி இணையாகவே ஒப்பந்தக்காரர் அமர்த்துகிறார். அவ்விணைக்கு ‘கொய்தா’, அதாவது அரிவாள், என்றே பெயர். ஒரு நாள் வேலை தவறினால் அபராதம். வயலில் கழிப்பறையும் இல்லை. மாதவிடாயே அங்கு கூலியிழப்பு. 2019இல் மாநில அரசு அமைத்த குழு, விசாரித்த சுமார் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் எனக் கண்டது. அச்சமூட்டி அறுவைக்கு அனுப்பிய மருத்துவரும், விடுப்புத் தராத ஒப்பந்தக்காரரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

இராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநில நிகழ்வுகளை முன்வைத்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு அது ஆணையிட்டது.