சாந்தி தெரசா லக்ரா

சாந்தி தெரசா லக்ரா (பிறப்பு: 1972) அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த செவிலியர் ஆவார். சின்ன அந்தமான் தீவில் வாழும் ஓங்கே பழங்குடியினரிடையே ஆற்றிய மருத்துவப் பணிக்காக அறியப்படுகிறார். 2011 ஆம் ஆண்டில் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

== பின்னணி ==

லக்ரா நடு அந்தமானில் உள்ள ரங்கத் பகுதியில் பிறந்தவர். இவரது குடும்பம் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒராவோன் (குருக்) பழங்குடியைச் சார்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் காட்டு வேலைக்காக அந்தமானுக்கு அழைத்து வரப்பட்ட இம்மக்களை உள்ளூரில் 'ராஞ்சிக்காரர்கள்' என்றே அழைப்பர். சார்க்கண்டில் ஒராவோன்கள் பட்டியல் பழங்குடியினர். அந்தமானிலோ அப்பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை. இவ்வகையில், பழங்குடியினருக்குப் பணியாற்றியமைக்காகப் போற்றப்படும் லக்ராவும் ஒரு பழங்குடிப் பெண்ணே.

இவர் துணைச் செவிலியராகவும் மகப்பேற்று உதவியாளராகவும் பயிற்சி பெற்றார். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் செய்யும் பணியை இதற்கு ஒப்பிடலாம். மருத்துவத் துறையின் படிநிலையில் இது கீழ்நிலைப் பதவிகளுள் ஒன்று. தடுப்பூசி, கருவுற்ற பெண்களைக் கவனித்தல், மகப்பேறு, எளிய நோய்களுக்கு மருந்து ஆகியன இதன் எல்லை.

== ஓங்கே மக்களிடையே ==

2001 ஆம் ஆண்டில் லக்ரா சின்ன அந்தமானின் டுகாங் கிரீக் குடியிருப்பில் இருந்த அரசு சுகாதார நிலையத்தில் பணியமர்த்தப்பட்டார். (டுகாங் என்பது தமிழகக் கடலோரத்தில் ஆவுளியா எனப்படும் கடற்பசுவைக் குறிக்கும், ஓங்கேக்கள் அதனை வேட்டையாடி வந்தனர்.) வேட்டையாடியும் மீன்பிடித்தும் தேனெடுத்தும் தீவு முழுவதும் அலைந்து திரிந்த இம்மக்களை, 1970களின் பிற்பகுதியில் அரசு டுகாங் கிரீக்கிலும் தென்விரிகுடாவிலும் குடியமர்த்தியது.

1901 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 672 ஆக இருந்த ஓங்கேக்களின் எண்ணிக்கை 1951இல் 150 ஆகவும் 2001இல் 96 ஆகவும் குறைந்தது. வெளியாரிடமிருந்து தொற்றிய நோய்கள், உணவு மாற்றம், குறைந்த பிறப்பு வீதம், குழந்தை இறப்பு ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 96 பேர் மட்டுமே உள்ள ஓர் இனத்தில் ஒரு மகப்பேறு தவறினாலும் அது இனத்தின் இருப்பையே தொடும்.

மருந்தை விட முதலில் தேவைப்பட்டது நம்பிக்கை. ஓங்கேக்கள் தங்கள் நோய்களுக்குத் தாங்களே மருத்துவம் செய்துகொண்டவர்கள். சுகாதார நிலையத்தை நாடி வர அவர்களுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. லக்ரா அவர்களுடன் பழகி, அவர்களது வாழிடங்களுக்கே சென்று சிகிச்சை அளித்தார். நாளடைவில் அவர்கள் பரிசோதனைக்கும் மகப்பேற்றுக் கவனிப்புக்கும் உடன்பட்டனர்.

== ஆழிப்பேரலை ==

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை டுகாங் கிரீக் குடியிருப்பை அழித்தது. கடல் உள்வாங்கியதைக் கண்ட ஓங்கேக்கள் உயரமான காட்டுப் பகுதிக்குச் சென்று உயிர் தப்பினர். சுகாதார நிலையம் எஞ்சவில்லை. லக்ரா தீவை விட்டு வெளியேறாமல், காட்டினுள் திறந்த கொட்டகையில் தங்கி, நெடுந்தூரம் நடந்து சென்று அவர்களுக்கு மருந்தளித்தார். இவரது பணியில் பிற்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட பகுதி இதுவே. எனினும், அதற்கு முந்தைய மூன்றாண்டுப் பழக்கம் இல்லாதிருந்தால் காட்டினுள் அவரைத் தேடி நோயாளிகள் வந்திருப்பார்களா என்பது ஐயமே.

== பிற்காலப் பணி ==

பின்னர் லக்ரா தலைநகர் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கு பழங்குடியினருக்கெனத் தனிக் கூடம் உண்டு. 1999இல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியபோது பலர் இம்மருத்துவமனைக்கே கொண்டுவரப்பட்டனர்.

2010இல் இவர் தேசிய பிளாரன்சு நைட்டிங்கேல் விருதைப் பெற்றார்.

== தன்னார்வலர்களுக்குத் தடை ==

தொலைதூரத் தீவுகளில் தன்னார்வச் செவிலியராகப் பணிபுரிவது பல நாடுகளில் வழக்கமே. அந்தமான் பழங்குடிக் காப்பகங்களில் அது இயலாது. 1956 ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி, அரசின் அனுமதியின்றி எவரும் அங்கு நுழையக்கூடாது. உதவ வருபவரின் சாதாரணச் சளியும் அங்கு கொள்ளை நோயாகலாம். 1877இல் பரவிய தட்டம்மை பெரிய அந்தமானியருள் பலரைக் கொன்றது. ஆகவே அங்கு மருத்துவம் என்பது, லக்ராவைப் போல நெடுநாள் தங்கும் அரசு ஊழியர்களையே சார்ந்துள்ளது.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓங்கேக்கள் 101 பேர். இவ்விரு கணக்கெடுப்புகளுக்கும் இடையே, 2008 டிசம்பரில், கரையொதுங்கிய கலன் ஒன்றில் இருந்த நச்சுத் திரவத்தை மது என எண்ணிக் குடித்து டுகாங் கிரீக்கில் எட்டு ஓங்கேக்கள் இறந்தனர்.