வலையமைப்பு மேலாண்மை மென்பொருளின் தரவுத்தள அட்டவணைகள்

வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர் முதலிய கருவிகளைக் குறித்த இடைவெளியில் விசாரித்து, அவை இயங்குகின்றனவா, எவ்வளவு தரவு கடந்து செல்கிறது, எங்கே பழுது என்பவற்றைப் பதிந்து வைக்கிறது. திரையில் காணும் வரைபடமும் எச்சரிக்கையும் இந்தப் பதிவுகளிலிருந்து பிறப்பவை. அந்தப் பதிவுகள் எந்த அட்டவணையில், எந்தப் புலங்களாக, எந்தச் சாவியின் கீழ் அமைகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். கேக்டி, ஜாபிக்ஸ், ஓப்பன் என்.எம்.எஸ்., நெட்டிஸ்கோ, லிப்ரே என்.எம்.எஸ். ஆகிய திறமூல மென்பொருள்களின் அட்டவணைகளை யாரும் திறந்து படிக்கலாம் என்பதால் சான்றுகள் பெரும்பாலும் அவற்றிலிருந்தே தரப்படுகின்றன. இவற்றை ஒப்பிட்டு நோக்கினால், அட்டவணை அமைப்பின் தரத்தை முதலில் முடிவு செய்வது அதன் சாவியே, அதாவது ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் புலமே என்பது தெளிவாகும். இன்று விசாரித்த போர்ட்டும் நேற்று விசாரித்த போர்ட்டும் ஒன்றே என்று மென்பொருள் எதை வைத்துச் சொல்கிறது? இதற்கு ஒவ்வொரு வடிவமைப்பும் ஒரு விடை தந்திருக்கிறது. விடை சரியாக அமைந்த இடத்தில் மற்றக் குறைகளைப் பின்னாளில் திருத்த முடிந்தது. பிழையாக அமைந்த இடத்தில் பழைய பதிவுகளையே நம்ப முடியாமல் போயிற்று.

தோற்றம்

இந்த அட்டவணைகள் தரவுத்தள மென்பொருளில் தோன்றியவை அல்ல. கருவிகளுக்குள்ளேயே முதலில் வரையப்பட்டவை. 1987 நவம்பரில் ஜேம்ஸ் டேவின், ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால் ஆகிய நால்வர் இணையத்தின் கேட்வேக்களைக் கண்காணிக்க எஸ்.ஜி.எம்.பி. என்ற நெறிமுறையை வெளியிட்டனர். அதன் வழித்தோன்றலாக 1988 ஆகஸ்டில் எஸ்.என்.எம்.பி. வந்தது. இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரான ஆர்.எஃப்.சி.-இல் 1065 தகவலை எழுதும் முறையையும், 1066 'மிப்' எனப்படும் மேலாண்மைத் தகவல் தளத்தையும், 1067 நெறிமுறையையும் வரையறுத்தன. உற்பத்தியாளர்கள் முழுமையாகச் செயல்படுத்தும் வகையில் முதல் மிப்பின் பொருள்களைச் சுமார் 100 என்ற அளவில் நிறுத்திக்கொள்வது என்று வடிவமைத்தவர்கள் உடன்பட்டிருந்தனர். மிப் வெளிப்பார்வைக்குக் கிளைவிட்ட மரம். கிளைகளின் நுனியில் இருப்பவற்றுள் முக்கியமானவை அட்டவணைகள். ஓர் அட்டவணைக்குள் இன்னோர் அட்டவணையை வைக்க விதி இடம் தரவில்லை. எனவே ஒரே இடைமுகத்துக்குப் பல ஐ.பி. முகவரிகள் இருக்கும்போது அவை தனி அட்டவணைக்குச் சென்றன; அந்த முகவரி எந்த இடைமுகத்துக்கு உரியது என்பதை ஓர் எண் சுட்டியது. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரியில் ஓர் அட்டவணை இன்னொன்றைச் சுட்டும் அதே முறை இங்கேயும் அமைந்தது. பின்னாளில் மிப்பை உறவுமுறைத் தரவுத்தளத்துக்குள் கொண்டுவருவது எளிதாக இருந்ததற்கு இதுவே காரணம். மிப்பின் சாவிகள் அவற்றின் குறைகளோடு சேர்ந்து தரவுத்தளத்துக்குள் நுழைந்ததற்கும் இதுவே காரணம்.

1991 மார்ச்சில் கீத் மெக்ளோகிரியும் மார்ஷல் ரோஸும் பதிப்பித்த மிப்-2, ஆர்.எஃப்.சி. 1213 ஆக வெளிவந்தது. அதன் வழித்தட அட்டவணை சாவியின் வலிமையைத் தெளிவாகக் காட்டும். அங்கே ஒரு வரிசைக்குச் சாவி சேருமிட முகவரி மட்டுமே. ஒரே சேருமிடத்துக்கு இரண்டு வழிகள் இருந்தால் இரண்டாவது வழிக்கு அட்டவணையில் இடமே இல்லை. வலைமறைப்பு (நெட்மாஸ்க்) சாவியில் சேராததால், 10.0.0.0 என்று தொடங்கும் 8 பிட் முன்னொட்டும் 16 பிட் முன்னொட்டும் ஒரே வரிசைக்குப் போட்டியிட்டன. ரவுட்டர் இரண்டு வழிகளையும் அறிந்து இரண்டிலும் பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். மேலாண்மை மென்பொருளின் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். 1992-இல் வந்த மாற்று அட்டவணை அடுத்த தாவலையும் (நெக்ஸ்ட் ஹாப்) நெறிமுறையையும் சாவியில் சேர்த்தது; 1997-இல் வந்தது வலைமறைப்பையும் சேர்த்தது; 2006-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4292 ஐ.பி.வி6 முகவரிகளுக்கும் இடம் தந்தது. பதினைந்து ஆண்டுகளில் மூன்று முறை அட்டவணை மாற்றி எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் மாற்றத்தின் மையம் சாவிதான்.

இடைமுக அட்டவணையின் கதை இன்னும் நீண்டது. மிப்-2-இல் அதற்கு 22 புலங்கள். சாவி 'இஃப்-இண்டெக்ஸ்' என்ற எண். ஒவ்வொரு இடைமுகத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்கி இடைவெளியின்றி எண் தரப்பட வேண்டும் என்று கருதப்பட்டது. மேலாண்மை அமைப்பு ஒருமுறை தொடங்கியதிலிருந்து மறுமுறை தொடங்கும்வரை அந்த எண் மாறாமல் இருந்தால் போதும் என்றது விதி. கருவி மறுதொடக்கம் ஆனதும் எண்கள் மாறலாம்; புதிய அட்டையைச் செருகினாலும் மாறலாம். மருத்துவமனையில் வரிசைக்குத் தரும் டோக்கனைப் போன்றது இது: இன்று 7-ஆம் எண்ணுக்கு உரியவர் நாளை 7-ஆம் எண்ணுக்கு உரியவர் அல்லர். 1994 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1573, இடைமுகங்கள் இயக்கத்தின்போதே தோன்றி மறைகின்றன என்பதை ஏற்று, எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டு, இடைமுகப் பெயருக்குத் தனிப் புலம் தந்தது. 1997-இல் வந்த திருத்தம், நிர்வாகி தாமே எழுதிவைக்கும் மாற்றுப்பெயருக்கும் இடம் தந்தது. சிஸ்கோ தன் கருவிகளில் மறுதொடக்கத்துக்குப் பிறகும் எண்ணை நிலைநிறுத்தத் தனிக் கட்டளையை வழங்கியது. ஆயினும் அட்டவணையின் சாவி அந்த எண்ணாகவே நீடித்தது.

வகைப்பாடு

மேலாண்மைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை இருப்பு அட்டவணைகள்: எந்தக் கருவிகள், எந்த இடைமுகங்கள், எந்த முகவரிகள் உள்ளன என்பவை. ஓப்பன் என்.எம்.எஸ்.-இன் நோட் அட்டவணையும் லிப்ரே என்.எம்.எஸ்.-இன் டிவைசஸ், போர்ட்ஸ் அட்டவணைகளும் இவ்வகை. இரண்டாம் வகை நிலை அட்டவணைகள்: கடைசியாக விசாரித்தபோது இருந்த நிலையை மட்டும் வைத்திருந்து, அடுத்த விசாரணையில் அதன்மேலேயே எழுதுபவை. லிப்ரே என்.எம்.எஸ். இதற்குத் தனி அட்டவணை வைக்காமல் போர்ட்ஸ் வரிசையிலேயே இப்போதைய கணக்கு, முந்தைய கணக்கு, வேறுபாடு, வீதம் ஆகிய நான்கையும் பக்கத்துப் பக்கத்துப் புலங்களாக வைக்கிறது. மூன்றாம் வகை நிகழ்வு அட்டவணைகள். ஓப்பன் என்.எம்.எஸ். ஒவ்வொரு நிகழ்வையும் தனி வரிசையாக எழுதிவிட்டு, ஒரே வகை நிகழ்வுகளைச் சுருக்கச் சாவி ஒன்றினால் அலாரம் அட்டவணையின் ஒரே வரிசைக்குள் அடக்கி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும். சேவை நின்ற நேரமும் மீண்ட நேரமும் தனி அட்டவணையில் ஒரே வரிசையில் அமையும். நான்காம் வகை அளவை அட்டவணைகள். ஜாபிக்ஸில் தசம எண், முழு எண், குறுஞ்சரம், பதிகை, நெடும் உரை முதலாக மதிப்பின் வகைக்கு ஒன்றாக வரலாற்று அட்டவணைகள் உண்டு. மணிக்கு ஒரு வரிசையாகச் சிறுமம், சராசரி, பெருமம் ஆகியவற்றைத் தாங்கும் போக்கு அட்டவணைகள் தனி. நான்கு வகைகளில் மற்ற மூன்றும் இருப்பு அட்டவணையின் சாவியைச் சுட்டியே பொருள்பெறுகின்றன. அந்தச் சாவி தவறினால் நிகழ்வும் அளவையும் வேறொரு போர்ட்டின் கணக்கில் போய்ச் சேரும்.

அடையாளச் சிக்கலும் தீர்வுகளும்

மிப் விட்டுச்சென்ற சிக்கலை மென்பொருள்கள் வெவ்வேறு வழிகளில் எதிர்கொண்டன. 2001-இல் தொடங்கிய கேக்டி, கருவி தந்த ஒவ்வொரு தகவலையும் தனி வரிசையாக்கும்: கருவி எண், வினவல் எண், புலத்தின் பெயர், புலத்தின் மதிப்பு, இண்டெக்ஸ் எண். ஒரு போர்ட்டைப் பற்றிப் பத்துத் தகவல்கள் கிடைத்தால் பத்து வரிசைகள். வரைபடம் உருவாகும்போது 'இடைமுகப் பெயர் இன்னது' என்ற இணையைச் சேமித்து, தேவைப்படும்போது இந்த அட்டவணையில் தேடி எண்ணைக் கண்டுபிடிக்கிறது. கருவியின் இயங்குநேரம் பின்னோக்கிப் போயிருந்தால் அது மறுதொடக்கம் ஆகியிருக்கிறது என்று கொண்டு அட்டவணையை மீண்டும் நிரப்புகிறது. ஓப்பன் என்.எம்.எஸ். அளவைக் கோப்புகளை இடைமுகப் பெயரும் மேக் முகவரியும் சேர்ந்த அடைவில் வைக்கிறது. 2013-இல் அப்சர்வியம் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்த லிப்ரே என்.எம்.எஸ். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தானே ஓர் எண் வழங்குகிறது; அந்த எண்ணைக் கருவியின் போர்ட்டோடு இணைப்பது இஃப்-இண்டெக்ஸா, பெயரா, விவரிப்பா, மாற்றுப்பெயரா என்பதை அமைப்பில் தேர்ந்துகொள்ளலாம். ஜாபிக்ஸின் பொது வார்ப்புருக்களிலோ அளவையின் சாவிக்குள்ளேயே இஃப்-இண்டெக்ஸ் எண் எழுதப்படுகிறது. எண் இடம்மாறினால் இரண்டு போர்ட்டுகளின் வரலாறு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கே நீங்கவில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் பிறந்த நெட்டிஸ்கோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. எந்த மேக் முகவரி எந்த ஸ்விட்சின் எந்தப் போர்ட்டில் காணப்பட்டது என்பதைப் பதியும் அதன் நோட் அட்டவணையில் முதலில் கண்ட நேரம், கடைசியாகக் கண்ட நேரம், இப்போது செயலில் உள்ளதா என்ற மூன்று புலங்கள் உண்டு. ஒரு மடிக்கணினி வேறு அறைக்குப் போனால் பழைய வரிசை அழிவதில்லை. செயலற்றது என்று குறிக்கப்பட்டு அங்கேயே நிற்கும், புது வரிசை பிறக்கும். சென்ற மாதம் அந்தக் கணினி எங்கே இருந்தது என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் விடை உண்டு. நிலையை மேலெழுதும் அமைப்பில் இல்லை. இதே நெட்டிஸ்கோ, கருவிக்கு ஐ.பி. முகவரியையே முதன்மைச் சாவியாக வைத்ததால், முகவரி மாறும்போது பதிவுகளைப் புது முகவரிக்கு மாற்றத் தனிக் கட்டளை தேவைப்படுகிறது. ஒரே மென்பொருளின் இரண்டு அட்டவணைகளில் ஒன்று காலத்தைத் தாங்குகிறது, மற்றொன்று தடுமாறுகிறது. மாறக்கூடிய எதையும் சாவியாக்காமல் பொருளற்ற எண் ஒன்றைத் தந்து, பெயர், முகவரி, போர்ட் எண் ஆகியவற்றை 'இதிலிருந்து இதுவரை' என்ற காலவரம்புடன் தனி வரிசைகளாக வைப்பதே சரியான அமைப்பு.

மறுப்புகள்

உண்மையான சிக்கல் தரவின் பெருக்கமே என்பது முதல் மறுப்பு. 48 போர்ட்டுள்ள ஒரு ஸ்விட்சில் போர்ட்டுக்குப் பத்துக் கணக்குகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் நாளொன்றுக்கு 1,38,240 வரிசைகள், ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல். இந்தச் சுமை மெய்தான். ஆனால் அதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. தோபியாஸ் ஒய்ட்டிகர் 1999-இல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.டூல், பழைய அளவைகளைச் சராசரியாக்கிச் சுருக்கி, கோப்பின் அளவு ஒருபோதும் கூடாமல் வைத்தது. காலவாரியாக அட்டவணையைப் பிரிக்கும் முறைகளும் பின்னர் வந்தன. 32 பிட் கணக்குமானி 1 கிகாபிட் இணைப்பில் 34 விநாடியில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிடும் என்ற சிக்கலையும் 64 பிட் கணக்குமானி தீர்த்தது. இவையெல்லாம் புலத்தையும் சேமிப்பையும் மாற்றித் தீர்ந்தவை. தவறான போர்ட்டின் பெயரில் ஓராண்டு சேர்ந்த அளவையை எந்தச் சுருக்கமும் திருத்தாது.

அட்டவணையே வேண்டாம், ஒவ்வொரு அளவையோடும் ஒட்டும் பெயர்ச்சீட்டுகள் (லேபிள்கள்) போதும் என்பது இரண்டாம் மறுப்பு. 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய கண்காணிப்பு மென்பொருளான புரோமீத்தியஸ் அப்படித்தான் இயங்குகிறது. அங்கேயும் பெயர்ச்சீட்டுகளின் தொகுப்பே அடையாளம். மாற்றுப்பெயரைச் சீட்டாகச் சேர்த்திருந்தால், நிர்வாகி அந்த விவரிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தியதும் பழைய தொடர் முடிந்து புதிய தொடர் தொடங்கும். சாவி மறையவில்லை, வடிவமைப்பவர் கையிலிருந்து விவரிப்பை எழுதுபவர் கைக்குப் போயிருக்கிறது. கருவியின் தொடர் எண்ணையே சாவியாக்கலாமே என்பது மூன்றாம் மறுப்பு. பழுதான ஸ்விட்சைக் கழற்றி மாற்று ஸ்விட்சைப் பொருத்தினால் தொடர் எண் மாறும். பெயரும் இணைப்புகளும் பணியும் மாறா. வரைபடம் தொடர வேண்டும் என்பது பொறியாளர் தேவை, இரண்டும் வெவ்வேறு சொத்துகள் என்பது கணக்காளர் தேவை. எனவே பணிக்கு ஒரு வரிசை, வன்பொருளுக்கு ஒரு வரிசை என்று பிரிப்பதே இருவருக்கும் பொருந்தும். 2016-இல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் வெளியிட்ட நெட்பாக்ஸ் மென்பொருள், தொடர் எண்ணைச் சாவியாக்காமல் சாதாரணப் புலமாகவே வைத்தது இதனோடு இசைகிறது.

இன்றைய நிலை

2010-இல் தரப்படுத்தப்பட்ட யாங் மாதிரி மொழியும் கருவிகளே தரவை அனுப்பும் டெலிமெட்ரி முறைகளும் இப்போது பரவி வருகின்றன. 2014-இல் வெளியான யாங் இடைமுக மாதிரி பெயரைச் சாவியாகவும் இஃப்-இண்டெக்ஸ் எண்ணைச் சாதாரணப் புலமாகவும் வைத்தது; அதன்வழி, 1988-இல் முதல் மிப்பில் அந்த எண்ணைச் சாவியாக்கிய முடிவு 26 ஆண்டுகளுக்குப் பின் தரநிலை அளவிலேயே திருத்தப்பட்டது. பெயரும் மாறக்கூடியதே என்பதால், காலவரம்புள்ள வரிசைகளை வைத்துக்கொள்ளும் பொறுப்பு மேலாண்மைத் தரவுத்தளத்தையே சார்ந்திருக்கிறது.