உயிர்வளி கண்ட வரலாறு

காற்றின்றி உயிரில்லை என்பதை மாந்தர் என்றும் அறிவர். ஆயினும், அக்காற்று தனிப்பொருள் அன்று, பல வளிகளின் கலவை என்பதை உலகம் தெளிந்து ஏறத்தாழ 250 ஆண்டுகளே ஆகின்றன. அத்தெளிவு பிறந்த வரலாறு, ஒன்றைக் காண்பதும் அதன் உண்மையை உணர்வதும் வேறு வேறு என்பதை நமக்குக் காட்டுகிறது.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேதியியலாரைப் 'புளோஜிஸ்டன்' கொள்கை ஆட்கொண்டிருந்தது. எரியும் பொருள் ஒவ்வொன்றிலும் புளோஜிஸ்டன் உறைகிறது. எரியும்போது அது வெளியேறுகிறது என்பது ஜெர்மானிய அறிஞர் ஸ்டாலின் கருத்து. விறகு எரிந்து சிறிதளவு சாம்பலே எஞ்சுவதைக் கண்டோர்க்கு இது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால், ஈயத்தைக் காற்றில் சுட்டு நீறாக்கினால் எடை கூடியது. ஒன்று வெளியேறிய பின் எடை கூடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு அக்கொள்கையால் நேரிய விடை தர இயலவில்லை.

சுவீடன் நாட்டு மருந்தாளர் ஷீலே, 1770களின் தொடக்கத்திலேயே புதிய வளி ஒன்றைப் பிரித்தெடுத்துத் 'தீக்காற்று' என்றழைத்தார். அவர்தம் நூல் 1777இல்தான் அச்சேறியது. இதற்கிடையில், இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்டு முதல் நாளன்று, பாதரசத்தின் செந்நீற்றைக் குவிவில்லையால் சூடேற்றி அதே வளியைப் பெற்றார். அதில் மெழுகுவத்தி பேரொளியோடு எரிந்தது. சாதாரணக் காற்றில் கால் மணி நேரமே தாங்கக்கூடிய எலி, அவ்வளியில் அரைமணி நேரம் உயிரோடிருந்தது. இத்துணையும் கண்ட பிரீஸ்ட்லி, பழங்கொள்கையை விட மனமின்றி, 'புளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்றே அதற்குப் பெயர் சூட்டினார்.

அவ்வாண்டே பாரிசில் பிரீஸ்ட்லி வாயிலாக இச்செய்தியைக் கேட்டறிந்தார் லவாசியர். அவர் நம்பியது தராசை. 50 கன அங்குலக் காற்றோடு பாதரசத்தை 12 நாள் சூடேற்றினார். காற்றில் 7 அல்லது 8 கன அங்குலம் குறைந்தது. பாதரசத்தின்மேல் செந்நீறு படிந்தது. அந்நீற்றை மேலும் கடுமையாகச் சூடேற்றியபோது, குறைந்த வளி அதே அளவில் மீண்டது. எரிதல் என்பது ஒன்று வெளியேறுவதன்று, காற்றின் ஒரு பகுதி பொருளோடு கூடுவதே என்னும் உண்மை இவ்வாறு நிலைபெற்றது. நீரும் தனிப்பொருளன்று, ஹைட்ரஜனும் இவ்வளியும் கூடிய சேர்மம் என 1783இல் அவர் விளக்கினார். நீரின் எடையில் ஒன்பதில் எட்டுப் பங்கு இவ்வளியே. இரும்பின் துருவிலும் கரையோர மணலிலும் இதுவே கலந்துறைகிறது.

எனினும், அப்பேரறிஞரும் ஓரிடத்தில் வழுவினார். அமிலங்கள் அனைத்திற்கும் இவ்வளியே காரணம் எனக் கருதி, 'அமிலம் ஆக்குவது' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களால் 'ஆக்சிஜன்' எனப் பெயரிட்டார். உப்பிலிருந்து பெறப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதை 1810இல் ஹம்பிரி டேவி புலப்படுத்தினார். பிழை விளங்கிற்று, பெயரோ நிலைத்துவிட்டது.

லவாசியர் 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்டு மாண்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் குடியேறிய பிரீஸ்ட்லி, 1804இல் மறையும் வரை பழங்கொள்கையைக் கைவிடவில்லை.

தமிழில் நாம் வழங்கும் 'உயிர்வளி' என்னும் சொல், அமிலத்தைச் சுட்டாமல் உயிரைச் சுட்டுகிறது. அவ்வகையில் அது மூலப்பெயரின் பிழையினின்று தப்பியது. ஆயினும், சொல் மட்டும் அறிவாகாது. உயிரைக் காக்கும் அதுவே இரும்பை அரிக்கவும் செய்கிறது. வகுப்பறையில் அச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், தராசைக் கையிலெடுத்த அவ்வறிஞரின் ஆய்வையும் உடன் கற்பிப்பாராயின், மாணவர் பெயரோடு நில்லாது பொருளையும் உணர்வர்.