அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏன் தேவை?

தேக்கா நாணய மாற்றுக் கடைகளில் ஊருக்குப் பணம் அனுப்ப வருவோர் முதலில் பார்ப்பது, ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்பதைத்தான். அந்த விலையைத் தீர்மானிப்பவற்றில் ஒன்று அந்நியச் செலாவணிக் கையிருப்பு. மத்திய வங்கியிடம் இருக்கும் வெளிநாட்டு நாணயம், கடன் பத்திரங்கள், தங்கம் ஆகியவையே அது. ஒரு நாடு தன் ரூபாயை அச்சிட்டுக்கொள்ளலாம். எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கவேண்டிய டாலரை அச்சிட முடியாது.

அரிசி முதல் வெங்காயம் வரை இறக்குமதி செய்யும் சிங்கப்பூர், 1981 முதல் நாணய மதிப்பைக் கொண்டே விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. வெள்ளியின் மதிப்பு அளவுக்கு மீறி இறங்கினால், சிங்கப்பூர் நாணய ஆணையம் கையிருப்பில் உள்ள டாலரை விற்று வெள்ளியை வாங்கும். 2024 இறுதியில் அதன் கையிருப்பு சுமார் 500 பில்லியன் வெள்ளி. ஜிஐசி, தெமாசெக் நிர்வகிக்கும் சொத்துகள் வேறு. பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கையிருப்பு கரைந்தால் என்னவாகும் என்பதை இலங்கையில் உறவினர் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். 2019 இறுதியில் அங்கு 7.6 பில்லியன் அமெரிக்க டாலர் இருந்தது. 2022 மார்ச்சில் 2 பில்லியனுக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி எளிதில் செலவழிக்க முடியாத சீன யுவான். கொவிட்டால் சுற்றுலா வருமானம் நின்றது. 2021ல் ரசாயன உரத்துக்கு விதித்த தடை, டாலர் ஈட்டித் தரும் தேயிலையையே தாக்கியது.

இதற்கிடையே டாலர் விலையை சுமார் 203 ரூபாயில் பிடித்துவைத்தது மத்திய வங்கி. உண்டியலில் கூடுதலாகக் கிடைத்ததால் வெளிநாட்டில் உழைப்போர் வங்கியைத் தவிர்த்தனர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வங்கி வழியாக வந்த பணம் 2020ல் 7.1 பில்லியன் டாலரிலிருந்து மறு ஆண்டே 5.5 பில்லியனாகச் சரிந்தது.

2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நீண்டது. மே மாதம் ஒரு டாலர் 360 ரூபாயைத் தொட்டது.

இந்தியாவும் இந்த விளிம்பைத் தொட்டதுண்டு. 1991ல் சில வார இறக்குமதிக்கே டாலர் மிஞ்ச, சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்துச் சமாளித்தது.

இலங்கைக்கு 2023 மார்ச்சில் பன்னாட்டுப் பண நிதியத்தின் 3 பில்லியன் டாலர் கடன் உறுதியானது. நாணய மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கத் தொடங்கிய பின், உண்டியலுக்குப் போன பணம் வங்கிக்குத் திரும்பியது. 2024ல் 6.5 பில்லியன் டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது.