முசிறிக் கடன் பத்திரம்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்தவனிடம் ஊர்க்காரர்கள் இப்போதெல்லாம் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 2025 மே மாதம் அது முறைப்படி திறக்கப்பட்டது. "அவ்வளவு கண்டெய்னரில் எது யாருடையது என்று எப்படித் தெரியும்?" பெட்டிக்கு ஒரு எண், பூட்டிய சீலுக்கு ஒரு எண், இரண்டும் பில் ஆஃப் லேடிங்கில் இருக்கும். எங்கள் வங்கித் தொழிலில் சரக்கைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். காகிதத்தைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

நான் படித்த பி.காம். புத்தகம் இந்தக் கதையை ஐரோப்பியக் கம்பெனிகளில் தொடங்கும். கதை அதைவிடப் பழசு.

கொடுங்கல்லூருக்கு அருகே பட்டணம் என்றொரு ஊர். இங்கே திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் 2007 முதல் அங்கே அகழாய்வு செய்தது. ரோமானிய மது ஜாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கப் பாடல்களின் முசிறி இதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

அந்த முசிறியின் பெயர் வரும் பாப்பிரஸ் ஒன்று வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. கிரேக்க மொழி, கி.பி. 2ஆம் நூற்றாண்டு. 1985இல் பதிப்பித்தார்கள். சாட்சாத் லோன் டாகுமெண்ட்தான் :-) சரக்கை ஈடு வைத்துக் கடன் வாங்கியவர் உறுதி எழுதித் தருகிறார். செங்கடலில் இறங்கும் சரக்கு, பாலைவனத்தைக் காவலோடு கடந்து, நைல் கரையில் கோப்டோஸ் அரசுக் கிடங்குக்குப் போகும். அங்கே கடன் கொடுத்தவரின் முத்திரை விழும். பிறகு நல்ல நிலையிலுள்ள படகில் அலெக்சாந்திரியா. அங்கே கால் பங்கு வரி வசூலிக்கும் கிடங்கில் மறுபடி அதே முத்திரை. தவணை தவறினால் சரக்கு கடன் கொடுத்தவருக்கு.

கடன்காரருக்குப் பதில் அவருடைய முகவர்களில் யார் அங்கே இருக்கிறாரோ அவர் முத்திரை வைக்கலாம் என்றும் ஒரு வாசகம். நம் படிவங்களில் வரும் அதே வாடை! கிடைத்த பகுதியில் இரு தரப்பின் பெயரும் இல்லை.

பின்பக்கம் ஹெர்மாபோலோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பீடு. கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி, யானைத் தந்தம், எடை, விலை, வரி. மொத்தம் 1,154 தாலந்துக்கு மேல்.

நம் பக்கம்? காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகளுக்குப் புலி முத்திரை வைத்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. முத்திரை உண்டு, கணக்கு ஓலைதான் கைக்கு வரவில்லை. மலையாள மழையிலும் கரையானிலும் ஓலை எத்தனை நாள் நிற்கும்? பாப்பிரஸை எகிப்து மணல் காப்பாற்றியது. ஆகவே அலெக்சாந்திரியாவில் போட்ட விலை நமக்குத் தெரிகிறது. முசிறியில் அதே சரக்கை விற்றவனுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.