தொண்ணூறு மீட்டர் பிலிம்

என் தம்பி மகள் கல்லூரியில் படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு நாள் மாலை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் ஒவ்வொருவரும் 3 நிமிஷத்துக்கு ஒரு குறும்படம் எடுத்து வரவேண்டுமாம். அதோடு, எடுக்கும்போது பட்ட சிரமங்களையும் 2 பக்கத்துக்கு எழுதித் தரவேண்டுமாம்.

"சிரமத்தை எழுதறது சுலபம், பெரியப்பா. அதுக்குக் குறைச்சலே இல்லை. படம்தான் முடியலை" என்றாள்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அவளுடைய பாட்டி. அதாவது என் தாயார். மொட்டை மாடியில் வடாம் பிழிவதிலிருந்து, ராத்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பது வரையில், கைபேசியில் 4 மணி நேரத்துக்குப் படம் பிடித்து வைத்திருந்தாள். காற்று இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. மேகம் மறைத்து வெளிச்சம் மாறிவிட்டது. நல்ல கட்டத்தில் பாட்டி காமிராவை நேரே பார்த்து, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டுவிட்டாள். இவையெல்லாம் சில்லறைக் கஷ்டங்கள். பெரிய கஷ்டம் வேறு.

"எல்லாமே பாட்டிதானே! இதிலே எதைத் தூக்கிப் போடறது?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு மாஸ்கோ நகரத்து மாணவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் குறும்படம் எடுக்கப் புறப்பட்டு, இவளுக்கு நேர்மாறான கஷ்டத்தில் அகப்பட்டுக் கொண்டவர்கள் அவர்கள். கதை எழுதுகிறவனுக்குப் புத்திமதி சொல்ல வராது. கதைதான் சொல்ல வரும். சொன்னேன்.

1919-ஆம் வருஷம். ருஷ்யாவில் புரட்சி நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உள்நாட்டுப் போர் ஓயவில்லை. ரொட்டிக்குப் பஞ்சம், குளிர் காய விறகுக்குப் பஞ்சம். அந்த நிலையில், ஆகஸ்டு மாதம் சினிமாத் தொழில் முழுவதையும் சர்க்கார் உடைமையாக்கும் உத்தரவில் லெனின் கையெழுத்திட்டார். அதே வருஷம் மாஸ்கோவில் சர்க்காரின் சினிமாப் பள்ளி ஒன்று ஆரம்பமாயிற்று. விளாதிமிர் கார்தின் என்ற டைரக்டர் அதன் தலைவர். அங்கே பாடம் சொல்ல வந்தவர்களில் ஒருவர் லெவ் குலெஷோவ். 1899-இல் பிறந்தவர். அதாவது, வாத்தியாருக்கே இருபது, இருபத்தொரு வயதுதான்!

மாணாக்கர்களும் ஒரு விசித்திரக் கூட்டம். புடோவ்கின் என்பவர் ரசாயனம் படித்தவர். யுத்தத்தில் காயம் பட்டு, ஜெர்மானியரிடம் கைதியாக இருந்துவிட்டு வந்தவர். குருவைவிட வயதில் ஆறு வருஷம் மூத்தவர். போரிஸ் பார்னெத் குத்துச்சண்டைக்காரர். அலெக்ஸாண்ட்ரா கோக்லோவா ஒல்லியான, வழக்கமான கதாநாயகியின் ஜாடை எதுவுமே இல்லாத பெண்.

பள்ளி இருந்தது, வாத்தியார் இருந்தார், மாணவர்கள் இருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் இல்லை. பிலிம் இல்லை.

காரணம் எளிது. ருஷ்யாவில் அப்போது பிலிம் செய்யும் தொழிற்சாலை கிடையாது. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. புரட்சிக்குப் பிறகு வெளிநாட்டு வர்த்தகம் அறுந்துவிட்டது. இதற்கு நடுவில், அமெரிக்காவிலிருந்து பிலிமும் காமிராவும் வாங்கித் தருகிறேன் என்று 1918-இல் சிப்ரேரியோ என்ற ஆசாமி ஒருவன் வந்தான். அவனை நம்பிச் சுமார் 10 லட்சம் டாலரை நியூயார்க் பாங்கு ஒன்றில் போட்டார்கள். உருப்படியான சரக்கு வரவில்லை. பணத்துக்கு நாமம் போட்டுவிட்டான்.

பிலிம் இல்லாத பள்ளியில் என்ன செய்வது? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. பிலிம் இல்லாமலே படம் எடுத்தார்கள்! கதையை எழுதினார்கள். அதைத் துண்டு துண்டான காட்சிகளாகப் பிரித்தார்கள். எது தூரத்திலிருந்து, எது அருகிலிருந்து, எதற்குப் பின் எது என்று தீர்மானித்தார்கள். பிறகு மேடையில் அதே கிரமத்தில், சினிமாவைப் போலவே மளமளவென்று மாற்றி மாற்றி நடித்துக் காட்டினார்கள். 'பிலிம் இல்லாத பிலிம்கள்' என்பது அவற்றின் பெயர். ஒரு காட்சி அநாவசியமாக நீண்டால் அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும்.

அமெரிக்க டைரக்டர் கிரிபித் 1916-இல் எடுத்த 'இன்டாலரன்ஸ்' என்ற பெரிய படத்தின் பிரதி ஒன்று ருஷ்யாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. நான்கு யுகத்துக் கதைகளைப் பின்னலாகப் பின்னிய படம் அது. அதைக் கண்டுதான் புடோவ்கின் சினிமாவுக்கு வந்தார் என்பார்கள். எந்த இடத்தில் வெட்டினான், எதோடு ஒட்டினான் என்று அந்த நாளில் பலரும் அதைத் துருவித் துருவிப் பார்த்தார்கள்.

1920-இல் போலந்துப் போர்முனையைப் பற்றிக் குலெஷோவும் மாணவர்களும் ஒரு சிறு படம் எடுத்தார்கள். நெகடிவ் பிலிம் இல்லை. பிரதி போடுவதற்கென்று உள்ள பாஸிடிவ் பிலிமிலேயே எடுத்தார்கள். அடுத்த வருஷம் குலெஷோவ் தம் சோதனைகளுக்காகச் சர்க்காரிடம் மன்றாடிப் பிலிம் வாங்கினார். எவ்வளவு தெரியுமா? 90 மீட்டர்! அந்த நாள் வேகத்தில் ஓட்டினால் சுமார் 5 நிமிஷம் ஓடும்.

அந்த 90 மீட்டரில் என்னென்ன செய்ய வேண்டுமென்று முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தார். அவற்றில் ஒன்று பிரசித்தமானது. கோக்லோவா மாஸ்கோவின் ஒரு மூலையில் நடக்கிறாள். ஓபொலென்ஸ்கி என்ற மாணவர் வேறொரு பக்கம், ஆற்றங்கரையில் நடக்கிறார். இருவரும் இன்னோர் இடத்தில் சந்தித்து எதையோ பார்க்கிறார்கள். பார்ப்பது என்ன? வாஷிங்டன் வெள்ளை மாளிகை! அது ஏதோ ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டிய துண்டு. பிறகு இருவரும் படியேறுகிறார்கள். அந்தப் படி மாஸ்கோ மாதாகோவில் படி. பார்க்கிறவர்களுக்கோ எல்லாம் ஒரே ஊர், ஒரே தெரு. பூமியில் இல்லாத ஓர் ஊரைக் கத்திரிக்கோலும் பசையும் சிருஷ்டித்துவிட்டன.

இன்னொரு சோதனை இதைவிடப் பிரசித்தம். மொஸ்ஜூகின் என்ற பெரிய நடிகர் 1920-இல் நாட்டை விட்டே போய்விட்டார். அவருடைய பழைய படத்திலிருந்து சலனமற்ற முகம் ஒன்றை எடுத்து, ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். பிறகு அதே முகத்தை ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும், இரண்டாவதில் துக்கத்தையும் கண்டு, "என்ன நடிப்பு!" என்று வியந்தார்களாம். அந்தத் துண்டு இன்று இல்லை. குருவும் சிஷ்யர் புடோவ்கினும் அதை விவரிப்பதில்கூட வித்தியாசம் உண்டு. ஆனால் சாராம்சம் ஒன்றே. முகத்தின் அர்த்தம் முகத்தில் மட்டும் இல்லை. பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

1924-இல், பிலிம் கிடைத்த பிறகு, அந்த மாணவர்களே நடித்து, 'மிஸ்டர் வெஸ்ட்' என்ற அமெரிக்கர் போல்ஷெவிக் நாட்டுக்கு வந்து படும் பாட்டை வேடிக்கைப் படமாக எடுத்தார்கள். 1926-இல் புடோவ்கின் 'தாய்' எடுத்து உலகப் புகழ் பெற்றார். 1929-இல் குலெஷோவ் எழுதிய புத்தகத்துக்கு அந்தப் பழைய மாணவர்களில் சிலர் சேர்ந்து முன்னுரை எழுதினார்கள். தங்களுக்கு இந்தக் கலையைக் கட்டித் தந்தவரே அவர்தான் என்று நன்றியோடு சொன்னார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் தம்பி மகள், "அப்போ, இல்லாமைதான் நல்லதுன்னு சொல்றீங்களா?" என்று மடக்கினாள்.

சொல்ல மாட்டேன். பட்டினியும் குளிரும் கலையை வளர்த்தன என்று, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுதுவது சுலபம். அந்த மாணவர்களிடம் போய் ஒரு பெட்டி பிலிமை நீட்டியிருந்தால் தத்துவத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இல்லாமை அவர்களுக்கு ஒன்றைத்தான் செய்தது: எடுப்பதற்கு முன்னால் யோசிக்க வைத்தது. இருப்பவர்கள் அதே யோசனையை எடுத்த பிறகாவது செய்ய வேண்டியிருக்கிறது. அது இன்னும் கஷ்டம். கையில் இல்லாததை விடுவதற்கு மனம் நோகாது; கையில் உள்ள பாட்டியை வெட்டுவதற்கு நோகும்.

ஒரு வாரம் கழித்துப் படத்தைக் கொண்டு வந்து காட்டினாள். சரியாக 3 நிமிஷம். வடாம் காய்கிறது. என் தாயார் நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து எதையோ பார்க்கிறாள். அடுத்த காட்சி: கூடத்தில் என் தகப்பனாரின் சாய்வு நாற்காலி, காலியாக. மறுபடியும் அம்மாவின் முகம்.

எனக்குச் சூத்திரம் முழுவதும் தெரியும். அரை மணி நேரம் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்தவனே நான்தான். இருந்தும் தொண்டையை என்னவோ செய்தது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "போடி பைத்தியம்! நான் வடாம் கொத்த வந்த காக்காயைன்னா பார்த்தேன்!" என்று சிரித்தாள்.

பெண்ணின் முகம் வாடிவிட்டது. பொய் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். சிரமங்களை எழுதும் 2 பக்கத்தில் இதையும் அவசியம் எழுது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா, "இன்னொரு தரம் போடு, பார்க்கலாம்" என்றாள்.